50 வாட்ஸ் மொடலிங் அம்ப்: அறைக்குள்ள வடிவா இருக்கு, ட்ரம்ஸ் தொடங்கினவுடனே காணாமல் போகுது

கொக்குவில் ஸ்ட்ராற்:

அண்ணைமாருக்கு வணக்கம். என்னட்ட இருக்கிறது 50 வாட்ஸ், 12 இஞ்சி ஸ்பீக்கர் உள்ள மொடலிங் அம்ப் (வேற வேற அம்புகளின்ர சவுண்டை டிஜிற்றலாப் போலச் செய்யிறது). கிற்றாரில கம்பியின்ர அதிர்வை எடுக்கிற பிக்கப் மூண்டு: ரெண்டு சிங்கிள் கொயில், பிறிட்ஜில ஒரு ஹம்பக்கர். வீட்டில மாஸ்ரர் வொல்யூமை 2இல வைச்சு வாசிக்கேக்க சவுண்ட் அந்தமாதிரி. பான்ட் பிறாக்டிசில 7க்குக் கூட்டினால் கீழ் கம்பிகள் கும்முகும்மெண்டு இடிக்குது, மேல் கம்பிகள் நுளம்பு இரையிற மாதிரி. ட்ரம்ஸும் பேஸும் தொடங்கினவுடனே கிற்றார் இருக்கிற இடமே தெரியேல்லை. சோலோவுக்கு பூஸ்டரை அமத்தினால் சத்தம் கூடாமல் இன்னும் பிசுபிசுக்குது.

பிறீசெற் (பதிஞ்சு வைச்ச செற்றிங்) எல்லாம் போனில இருக்கிற அப்பில இறக்கினது. ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து மிக்ஸருக்கு வயர் குடுத்தும் பாத்தாச்சு, கிணத்துக்குள்ள இருந்து வாற சத்தம் மாதிரித்தான் வருகுது, அம்ப் ஸ்பீக்கரும் நிண்டு போகுது. அடுத்த மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில வாசிக்க வேணும், 300 பேரளவில வருவினம். 100 வாட்ஸுக்கு மாறினால் சரிவருமோ?

ஆறாங்கம்பி:

மாறாதேங்கோ. காசுதான் போகும்.

50இல இருந்து 100 வாட்ஸுக்குப் போனால் கூடுறது 3 டெசிபெல். காதுக்கு "ஓ, கொஞ்சம் கூடியிருக்கு" எண்ட அளவுதான். இரட்டிப்புச் சத்தமாக் கேக்க வேணுமெண்டால் 10 டெசிபெல் கூட வேணும், அதுக்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. வாட்ஸை விட ஸ்பீக்கரின்ர உணர்திறன் முக்கியம். ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில 94 டெசிபெல் தாற ஸ்பீக்கரைக் கழட்டிப்போட்டு 100 தாற ஒண்டைப் பூட்டினால், அது வாட்ஸை நாலு மடங்காக்கினதுக்குச் சமன். செலெஸ்ரியன் வின்ரேஜ் 30 அந்த 100 டெசிபெல் இனம். ஆனா உங்கட பிரச்சினை அதுவுமில்லை.

பிரச்சினை, குறைஞ்ச சத்தத்தில செய்த டோனைக் கூடின சத்தத்துக்குக் கொண்டு போறதுதான். மனிசக் காது மெல்லிய சத்தத்தில பேஸையும் ட்ரெபிளையும் குறைச்சுத்தான் கேக்கும். ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலயே அளந்து கோடு போட்டு வைச்ச விசயம் இது. அறைக்குள்ள மாஸ்ரர் 2இல இருக்கேக்க அந்தக் குறையை நிரப்ப எல்லாரும் பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி, மிட்டை (நடுச் சுருதிகளை) இறக்குவினம். அதையே 7இல போட்டால் காது குறைக்கிறதை விட்டிடும், நீங்கள் கூட்டினது அப்பிடியே நிக்கும். அதுதான் உங்கட இடியும் நுளம்பும். அப்பில கிடக்கிற பிறீசெற்றில முக்கால்வாசி ஹெட்ஃபோனில செய்ததெண்டு அதுகளின்ர சவுண்டே சொல்லும்.

இனி, பான்டுக்குள்ள காணாமல் போறது. பேஸ் கிற்றாரின்ர கீழ் கம்பி 41 ஹேர்ட்ஸ், உங்கட ஆறாவது கம்பி 82. நீங்கள் பேஸைக் கூட்டக் கூட்ட, பேஸ்காரனும் கிக் ட்ரம்மும் நிக்கிற இடத்தில போய் நெரிபடுறீங்கள். மேலே 5 கிலோஹேர்ட்ஸுக்கு அங்கால சிம்பல் எல்லாத்தையும் மூடிப்போடும். கிற்றாருக்கெண்டு சும்மா கிடக்கிற இடம் கிட்டத்தட்ட 400 ஹேர்ட்ஸில இருந்து 2 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும். அந்த இடத்தைத்தான் உங்கட பிறீசெற் வெட்டி எறிஞ்சிருக்கு.

அப்பைப் பூட்டி வைச்சிட்டு இப்பிடிச் செய்யுங்கோ. எல்லா எஃபெக்றையும் நிப்பாட்டுங்கோ. ட்ரம்ஸ் அடிக்க அடிக்கத்தான் செற் பண்ண வேணும், தனியா இல்லை. கிளீனில தொடங்குங்கோ. குமிழின்ர கோட்டை மணிக்கூட்டு முள்ளா நினைச்சுக்கொள்ளுங்கோ: கெயின் (டிஸ்ரோர்ஷனைக் கூட்டிற குமிழ்) 9 மணி, பேஸ் 10 மணி, மிட் 2 மணி, ட்ரெபிள் 12 மணி. சனல் வொல்யூமை 2 மணியில வைச்சு, மாஸ்ரரால ட்ரம்ஸின்ர அளவுக்கு வாங்கோ. இந்த ரெண்டு குமிழையும் கன பேர் மாறி விளங்கியிருக்கினம். சனல் வொல்யூம் பிறீசெற்றோட சேர்ந்து பதியும், மாஸ்ரர் எல்லாத்துக்கும் பொது. சனல் வொல்யூம் 3இல கிடக்க மாஸ்ரரை 10க்குத் திருப்பினாலும் அம்ப் முழுப் பலத்துக்கு வராது. பிறகு "50 வாட்ஸ் காணாது" எண்டு அழுறது.

டிஸ்ரோர்ஷனுக்கு, வீட்டில வைச்ச கெயினில பாதி காணும். கெயின் கூடக் கூட சவுண்ட் அமுங்கித் தட்டையாகும். தட்டின முதல் அடிதான் ட்ரம்ஸுக்குள்ளால வெளியில வாறது, அதைத்தான் கெயின் தின்னுறது. சரியான அளவோ எண்டு பாக்க, கிற்றார் வொல்யூமை 6க்கு இறக்கி மெல்லமாத் தட்டுங்கோ. கிட்டத்தட்ட கிளீனாக வரவேணும். வராட்டி இன்னும் குறையுங்கோ.

சோலோவில பிசுபிசுக்கிறது, பூஸ்டர் அம்ப் மொடலுக்கு முன்னால நிக்கிறதால. ஏற்கெனவே நிரம்பி வழியிற குடத்துக்குள்ள இன்னும் தண்ணி ஊத்தினால் குடம் பெருக்காது. சத்தம் கூட வேணுமெண்டால் மொடலுக்குப் பின்னால கூட்ட வேணும். அதே பிறீசெற்றை இன்னொரு இடத்தில பதிஞ்சு, சனல் வொல்யூமை மட்டும் 3 இல்லாட்டி 4 டெசிபெல் ஏத்தி, 800 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு 2 டெசிபெல் தூக்குங்கோ. றிதம் பிறீசெற்றில (சோலோ இல்லாத நேரம் வாசிக்கிறதில) அதுக்கு இடம் விட்டு வைக்க வேணும். றிதத்திலயே எல்லாம் 10இல நிண்டால் சோலோவுக்கு எங்க போறது?

கடைசியா அம்ப் வைக்கிற இடம். 12 இஞ்சி ஸ்பீக்கரின்ர ட்ரெபிள் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேரா முன்னுக்குத்தான் போகும். சீமெந்து நிலத்தில வைச்சால் அது உங்கட முழங்காலுக்குப் போகும், நிலத்தாலயும் சுவராலயும் பேஸ் பெருகும். நீங்கள் கேக்கேல்லையெண்டு ட்ரெபிளைக் கூட்ட, முன்வரிசையில இருக்கிறவைக்குக் காது கிழியும். ரெண்டு சோடாப் பெட்டியை அடுக்கி அதில தூக்கி வையுங்கோ, காது மட்டத்துக்குக் கிட்ட வரட்டும். பின்சுவரில இருந்து ஒரு முழமாவது தள்ளி.

மேடைக்குப் பின்னால:

ஆறாங்கம்பி சொன்னதில எல்லாம் சரி. ஆனா 300 பேர் மண்டபத்துக்கு அம்பை மட்டும் நம்பேலாது, மிக்ஸருக்குப் போகத்தான் வேணும். வெளியில தூரம் ரெண்டு மடங்காக 6 டெசிபெல் விழும், மண்டபத்துக்குள்ள விழுறது குறைவு எண்டாலும் கடைசி வரிசைக்குப் போறது எதிரொலிதான். அம்ப் உங்களுக்கும் ட்ரம்மருக்கும் கேக்கிறதுக்கு, சனத்துக்கு மிக்ஸர்.

கிணத்துச் சத்தத்தின்ர காரணம் அந்த வயர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி 6.35 மி.மீ. பிளக், மூண்டு பிரிவா கறுப்பு வளையம் ரெண்டு போட்டது எண்டு நினைக்கிறன். ஹெட்ஃபோன் ஓட்டையில பிளக்கின்ர நுனியில இடது, நடு வளையத்தில வலது. மிக்ஸரின்ர பலன்ஸ்ட் இன்புட்டோ நுனியில வாறதில இருந்து நடுவில வாறதைக் கழிக்கும். இரைச்சலைக் கழிக்கத்தான் அப்பிடிச் செய்து வைச்சிருக்கு. கிற்றார் இடதிலயும் வலதிலயும் ஒரே சத்தம், ஒண்டில இருந்து ஒண்டு போனால் சைபர். மிஞ்சிறது ரெண்டு பக்கமும் வித்தியாசமா இருக்கிற ரிவேர்ப்பும் (எதிரொலி எஃபெக்ற்) கோரஸும் மட்டும். அதுதான் கிணறு. ரிவேர்ப்பை நிப்பாட்டிப் பாருங்கோ, சத்தம் கிட்டத்தட்ட முழுக்கப் போகும். போச்செண்டால் நோய் இதுதான்.

ஒரு பக்கம் ஸ்டீரியோ பிளக், மற்றப் பக்கம் ரெண்டு மோனோ பிளக் உள்ள பிரிவயர் வாங்குங்கோ. இடதுக் காலை மட்டும் ஒரு சனலில குத்தினால் காணும். மிக்ஸர் 15 மீற்றர் தள்ளி இருந்தால் அந்தக் காலை மேடையிலயே ஒரு பசிவ் டிஐ பொக்ஸுக்குக் (சிக்னலை நீள வயருக்கு ஏத்த மாதிரி பலன்ஸ்ட் ஆக்கிற சின்னப் பெட்டி) குடுத்து, அங்க இருந்து எக்ஸ்எல்ஆர் வயரில (மூண்டு முள் மைக் வயர்) அனுப்புங்கோ. ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து நேரா எக்ஸ்எல்ஆருக்கு மாத்திற வயரைப் பாவிக்காதேங்கோ. கன மிக்ஸரில 48 வோல்ட் பன்ரம் (மைக் வயராலயே மைக்குக்குக் குடுக்கிற கறண்ட்) எல்லாச் சனலுக்கும் ஒரே சுவிச், கொண்டென்சர் மைக்குக்கெண்டு ஆரும் அதைப் போட்டால் உங்கட அம்பின்ர வாய்க்குள்ள 48 வோல்ட் போகும்.

ஸ்பீக்கர் நிக்கிறது பழுதில்லை, ஹெட்ஃபோன் ஓட்டையெண்டால் அப்பிடித்தான். பொஸ் கட்டானா 50இலயும் ஹெட்ஃபோன், றெக்கோர்டிங் ரெண்டுக்கும் ஒரே ஓட்டை, குத்தினவுடனே ஸ்பீக்கர் நிக்கும். 100இல லைன் அவுட் (மிக்ஸருக்குக் குடுக்கிற ஓட்டை) தனியா இருக்கு, அதில குத்தினால் ஸ்பீக்கரும் பாடும். உங்கட அம்பில தனி லைன் அவுட் இல்லாமல், ஸ்பீக்கரும் பாட வேணுமெண்டால் மைக்தான் வழி. ஷூர் எஸ்எம்57 இருந்தால் நல்லது, இல்லாட்டி பாடுற மைக்கும் சரிவரும். துணிக்கு வெளியில இருந்து போன் டோர்ச்சை அடிச்சு கோனின்ர நடுத் தொப்பியைக் கண்டுபிடியுங்கோ. அந்தத் தொப்பியின்ர விளிம்புக்கு நேரா, துணியில இருந்து ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் தள்ளி மைக்கை வையுங்கோ. நடுவுக்கு நகர்த்தினால் கூர்மையாகும், வெளிப்பக்கம் போனால் மந்தமாகும். ஒரு விரலகலம் நகர்த்திறது ட்ரெபிள் குமிழைக் கால்வாசி திருப்பிறதுக்குச் சமன், அதால ஈக்யூவில (டோன் குமிழ்களில) கை வைக்க முதல் மைக்கை நகர்த்துங்கோ.

நேரா வயரில வாறதெண்டால் மிக்ஸரில 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டு, 6 கிலோஹேர்ட்ஸுக்கு மேல வெட்டு. உண்மையான கிற்றார் ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்குப் பிறகு தானாச் சரியும், பாட்டுக்கெண்டு செய்த பெட்டி 15 வரைக்கும் எல்லாத்தையும் காட்டிக்குடுக்கும்.

ஆறாங்கம்பி சொன்னதோட ஒண்டு சேக்க வேணும். பிறாக்டிசில செற் பண்ணின ட்ரெபிளை மண்டபத்துக்கு அப்பிடியே கொண்டு போகாதேங்கோ. வெறும் மண்டபத்தில சவுண்ட் செக் செய்யேக்க சுவரெல்லாம் பளீரெண்டு திருப்பி அடிக்கும். சனம் நிரம்பினால் உடுப்பும் உடம்பும் ட்ரெபிளைக் குடிக்கும். செக்கில கொஞ்சம் கூரா இருக்கெண்டு வெட்டினால் றிசெப்ஷன் நேரம் போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

பேஸ் கோண்டாவில்:

இதிலயே ஒரு கேள்வி. என்னட்ட ஃபுளோர் மொடலர் (நிலத்தில வைச்சுக் காலால அமத்திற மொடலிங் பெட்டி) இருக்கு, அதை அம்பின்ர முன் இன்புட்டில குடுத்தால் டோன் போர்த்து மூடின மாதிரி. சித்தப்பா கனடாவில இருந்து ஒரு 100 வாட்ஸ் மொடலிங் அம்ப் கொண்டு வாறாராம், அது இஞ்சை வேலை செய்யுமோ?

ஆறாங்கம்பி:

மொடலருக்குள்ள ஒரு கபினெற் சிமுலேஷன் ஓடுது, அது ஸ்பீக்கர் மாதிரி மேலையும் கீழையும் வெட்டும். பிறகு உண்மையான ஸ்பீக்கர் இன்னொருக்கா வெட்டும். போதாக்குறைக்கு அம்பின்ர முன் இன்புட்டில ரெண்டாவது அம்ப் மொடல். மொடலரில கபினெற்றை நிப்பாட்டி, அம்பின்ர பின்பக்கம் "பவர் அம்ப் இன்" இல்லாட்டி எஃபெக்ற் றிட்டேர்ன் இருந்தால் அதில குத்துங்கோ. இல்லையெண்டால் முன்னால கிளீன் சனல், கெயின் அடியில. மிக்ஸருக்குப் போகேக்க கபினெற்றைத் திரும்பப் போட மறக்காதேங்கோ, மறந்தால் நுளம்பு திரும்பி வரும்.

மேடைக்குப் பின்னால:

கனடா அம்பைப் பெட்டியால எடுத்தவுடனே குத்திப்போடாதேங்கோ. பின்னால ஒட்டியிருக்கிறதைப் படியுங்கோ. "100–240V 50/60Hz" எண்டு இருந்தால் பிளக்கை மட்டும் மாத்தினால் காணும். "120V 60Hz" எண்டு மட்டும் இருந்தால் எங்கட 230 வோல்ட்டில ஃபியூஸ் போகும், ஃபியூஸோட நிண்டால் அதிர்ஷ்டம். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேணும். லேபலில இருக்கிற வாட்ஸுக்கு ரெண்டு மடங்கு பெரிசா எடுங்கோ, அங்கத்தை 60 ஹேர்ட்ஸுக்கெண்டு செய்த சுருள் இஞ்சத்தை 50இல கொஞ்சம் கூடச் சுடும். மலிவான ட்ரான்ஸ்ஃபோமரில ரெண்டு கம்பி ஓட்டைதான் இருக்கும், ஏர்த் போகாது. ஏர்த் போற மூண்டு கம்பி உள்ளதைக் கேட்டு வாங்குங்கோ.

மண்டபத்துக்குப் போற ரெண்டு பேருக்கும்: அம்பும் மிக்ஸரும் வேற வேற இடத்தில கறண்ட் எடுத்தால், முக்கியமா ஒண்டு ஜெனரேற்றரில ஓடினால், கிற்றார்க் கம்பியில கையிருக்க மைக்கில உதடு பட்டு ஷொக் அடிக்கும். வாசிக்க முதல் மல்ரிமீற்றரை ஏசி வோல்ட்டில வைச்சு, ஒரு முனையைக் கம்பியிலயும் மற்றதை மைக்கின்ர வலையிலயும் வையுங்கோ. ஒண்டு ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டினால் பாடவேண்டாம், ரெண்டையும் ஒரே ஏர்த் உள்ள எக்ஸ்ரென்ஷனுக்கு மாத்துங்கோ. இரைச்சலை நிப்பாட்ட ஆரும் ஏர்த் கம்பியைக் கழட்டச் சொன்னால் கேக்காதேங்கோ. டிஐ பொக்ஸில கிறவுண்ட் லிஃப்ட் சுவிச் இருக்கிறது அதுக்குத்தான். சிங்கிள் கொயிலின்ர 50 ஹேர்ட்ஸ் உறுமல் இதுகளால போகாது. உடம்பை ஒரு பக்கம் திருப்பிப் பாருங்கோ, ஒரு திசையில குறையும், பாட்டுக்கு இடையில அந்தப் பக்கம் பாத்து நில்லுங்கோ.

கொக்குவில் ஸ்ட்ராற்:

வயர் சொன்ன மாதிரியே மூண்டு பிரிவு பிளக்தான். ரிவேர்ப்பை நிப்பாட்ட ஒண்டுமே கேக்கேல்லை! பிரிவயர் போட்டாச்சு, சவுண்ட் முழுசா வருகுது. கெயின் பாதி, மிட் 2 மணி, இப்ப ட்ரம்ஸோட ஒவ்வொரு நோட்டும் பிரிஞ்சு கேக்குது. தனியா வாசிக்கேக்க மட்டும் மூக்கால பாடுற மாதிரி இருக்கு, அது பரவாயில்லையோ? சோடாப் பெட்டி இல்லை, பிளாஸ்ரிக் கதிரையில வைச்சன், ஏதோ கடகடக்குது.

ஆறாங்கம்பி:

மூக்குச் சத்தம் அப்பிடியே இருக்கட்டும், பான்டுக்குள்ள அது கேக்காது. கடகடக்கிறது கதிரைதான், அம்ப் இல்லை. ஆறாவது கம்பியில மூண்டாம் நாலாம் ஃபிறெற்றைத் தட்டிக்கொண்டு கதிரையைக் கையால அமத்துங்கோ, நிக்கும். மடிச்ச சாக்கு ஒண்டை இடையில போடுங்கோ, இல்லாட்டி மர வாங்கில வையுங்கோ. மண்டபத்தில ரிவேர்ப்பை முழுக்க நிப்பாட்டி வைச்சுத் தொடங்குங்கோ, சுவர் தாறது காணும்.