எலினோர் பவல்: அஸ்டேர் பக்கத்தில் இருந்தும் கண் இவரை விட்டு நகரவில்லை, யார் இவர்?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். ஃபிரெட் அஸ்டேர் ஆடிய பழைய ஹாலிவுட் காட்சிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டு வந்ததில் 'பிராட்வே மெலடி ஆஃப் 1940' படத்தின் கடைசி ஆட்டம் கிடைத்தது. கோல் போர்ட்டரின் 'பிகின் த பெகின்' பாட்டு. கருப்பு வெள்ளை, முகம் பார்க்கலாம் போல மின்னும் தரை, பின்னால் நட்சத்திரங்கள் மாதிரி வெளிச்சப் புள்ளிகள். அஸ்டேர் ஆடும்போது பக்கத்தில் இருப்பவரை நான் கவனித்ததே கிடையாது. அன்றைக்கு அந்தப் பெண்ணை விட்டுக் கண் நகரவில்லை. எலினோர் பவல் என்று பெயர் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

நடுவில் பாட்டு நின்றுபோய் இருவரின் கால் சத்தம் மட்டும் கேட்கிறது. அது ஆடும்போதே பதிவானதா, பிறகு சேர்த்ததா? ஜிஞ்சர் ரோஜர்ஸ் அஸ்டேரோடு பத்துப் படம் செய்திருக்க, இவர் ஏன் ஒன்றே ஒன்று? இன்னும் என்ன பார்க்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாளக்கட்டு:

நல்ல இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள். நான் ஆறு வருடமாக டாப் கற்றுக்கொள்கிறேன் (காலணியின் அடியில் உலோகத் தகடு வைத்துத் தரையிலேயே தாளம் போடும் ஆட்டம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்), இவரைப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.

பவல் 1912இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து பாலேதான் கற்றார். பாலே உடம்பை மேலே தூக்கும், எடையே இல்லாதது போலக் காட்டும். டாப்புக்கு நேர் எதிர், எடை தரைக்குள் இறங்க வேண்டும். பிராட்வேயில் (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் இடம்) வேலை வேண்டுமென்றால் டாப் தெரிய வேண்டும் என்பதால் ஜாக் டோனஹ்யூ என்பவரிடம் போனார். முதல் வகுப்பிலேயே வெறுத்துப்போய்த் திரும்பி வருவதாக இல்லை, டோனஹ்யூதான் கூப்பிட்டு வரவழைத்தார். பிறகு அவர் செய்ததுதான் விஷயம்: பவலின் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி அதில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டார், எம்பவே முடியாதபடி. மொத்தம் பத்து வகுப்பு, 35 டாலர். டாப்புக்கென்று பவல் முறையாகப் படித்தது அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை மறுபடி போடுங்கள். இடுப்புக்கு மேலே பாலே அப்படியே இருக்கிறது, முதுகு நிமிர்ந்து, கை காற்றில் மிதக்கிறது. இடுப்புக்குக் கீழே அந்த மணல் மூட்டை இன்னும் தொங்குகிற மாதிரி பாதம் தரையை விட்டு அங்குலம்கூடத் தேவையில்லாமல் எழுவதில்லை. நான் வகுப்பில் வேகம் கூட்டும்போதெல்லாம் தோள் குலுங்கும், ஆசிரியை பின்னாலிருந்து தோளை அழுத்திப் பிடிப்பார். பவலுக்கு எந்த வேகத்திலும் தோள் அசையாது.

ஒலிப்பெட்டி:

சத்தம் பற்றி. பிறகு சேர்த்ததுதான். அந்தக் காலப் படங்களில் பாட்டை முன்பே பதிவு செய்து தளத்தில் ஒலிக்கவிட்டு ஆடுவார்கள், கால் சத்தத்தை அப்புறம் தனியாக ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுப்பார்கள். வேறொருவர் ஆடித் தருவதும் உண்டு. ஜிஞ்சர் ரோஜர்ஸுக்குப் பல இடங்களில் ஹெர்மஸ் பான் என்ற நடன அமைப்பாளர்தான் கால் சத்தம் தந்தார். பவல் தன் சத்தத்தைத் தானே தருவார். தன் காலடி ஒவ்வொன்றையும் இரண்டாவது முறை, படத்தோடு அட்சரம் பிசகாமல் ஆட வேண்டும். இதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அந்த வேலையைச் செய்து பார்த்தால் புரியும்.

பழையபடச்சுருள்:

ஏன் ஒரே படம் என்றால், என் கணிப்பு: இருவருமே தனியாக ஆடப் பிறந்தவர்கள். அஸ்டேர் தன் ஆட்டத்தை மாதக்கணக்கில் செதுக்குவார், பவலும் தன் தனி ஆட்டங்களைத் தானே அமைப்பார். ஒத்திகை தொடங்கியபோது இருவருக்கும் ஒரே கூச்சம், 'மிஸ்டர் அஸ்டேர்', 'மிஸ் பவல்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்களாம். ரோஜர்ஸ் அஸ்டேரோடு ஆடும்போது ஒரு காதல் கதை நடக்கும். பவல் ஆடும்போது இரண்டு வித்வான்கள் பேசிக்கொள்வது போல இருக்கும், காதல் படத்தை அதன் மேல் தொடர்ந்து கட்டுவது சிரமம்.

பவல் ஆண் மாதிரி அடித்து ஆடுவார் என்று அஸ்டேர் தன் சுயசரிதையில் பாராட்டியிருக்கிறார்.

தாளக்கட்டு:

அந்தப் பாராட்டு எனக்கு ஒட்டவே இல்லை சார். அஸ்டேர் மனதாரச் சொன்னார், சரி. ஆனால் அந்தப் பாதத்தின் கனம் பத்து வகுப்பு மணல் மூட்டையிலும் அதற்குப் பிந்தைய சாதகத்திலும் வந்தது, அதற்கு ஆண் பெண் என்ன இருக்கிறது?

பழையபடச்சுருள்:

ஒத்துக்கொள்கிறேன் அம்மா, நானும் யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். பெயர் ஏன் அதிகம் கேட்பதில்லை என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 1943இல் நடிகர் கிளென் ஃபோர்டைத் திருமணம் செய்துகொண்டு படங்களிலிருந்து கிட்டத்தட்ட விலகிவிட்டார். பவல் பெரிய படம் செய்தது பத்து வருடம்கூட இல்லை. இன்னொரு பெரிய ஆட்டக்காரரான ஜீன் கெல்லியின் பெரிய வண்ணப் படங்கள் வந்த 1950களில் இவர் திரையில் இல்லை, 1950இல் ஒரு சின்னத் தோற்றம் தவிர. 1959இல் மணமுறிவு, 1961இல் லாஸ் வேகாஸில் மறுபடி மேடை ஏறினார்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. ஒலிப்பெட்டி சொன்னதைப் படித்ததும் அந்தப் பாட்டில்லாத பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதலில் இரண்டு பேர் என்றே தெரியவில்லை, அப்புறம் ஒருவர் கேட்பதும் மற்றவர் பதில் சொல்வதும் பிரிந்து வந்தது. யாருடையது எது என்று இன்னும் பிடிபடவில்லை. அடுத்து எதைப் பார்க்க?

ஒலிப்பெட்டி:

1941இல் வந்த 'லேடி பி குட்'. அதில் இரண்டு இருக்கிறது. ஒன்று பஸ்பி பெர்க்லி படமாக்கிய 'ஃபேசினேட்டிங் ரிதம்': திரைச்சீலைகள் விலக விலகப் பியானோக்கள் வந்துகொண்டே இருக்கும், கேமரா பவலோடு நகர்ந்துகொண்டே போகும். 1994இல் வந்த ஒரு தொகுப்புப் படத்தில் இதே காட்சியைப் பக்கவாட்டிலிருந்து எடுத்ததையும் சேர்த்துக் காட்டினார்கள், ஆட்கள் ஓடி ஓடிப் பியானோவைத் தள்ளுவது தெரியும், பவல் அந்த அமளிக்கு நடுவே தாளம் விடாமல் ஆடுவார். இன்னொன்று ஒரு நாயோடு ஆடுவது. அந்த நாயை அவரே வாங்கித் தன் வீட்டில் வைத்துப் பழக்கினார். முதலில் நாயைப் பாருங்கள்.