அனுபவப் பகிர்வு: கமிஷன் புகுந்த போக்கர் தளங்கள்

ரிவர்_ரங்கன்:
போக்கர் சொல்லித்தந்த போக்கர்ஸ்ட்ராட்டஜி தளம் தேர்வு வைத்து, பாஸானவருக்கு டெபாசிட் இல்லாமலே 50 டாலர் கொடுத்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உறுத்துவது அதில்லை, பாடப் பக்கத்தில் இருந்த பூட்டு. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிகள். மேல்படிப் பாடம் திறக்க, அவர்கள் லிங்க் வழியாகப் போக்கர் கம்பெனியில் தொடங்கிய கணக்கில் ரேக் (ஆட்டப் பணத்தில் கம்பெனி எடுக்கும் பங்கு) கட்டிப் புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. பாடம் சொல்வது: கைச்சீட்டைப் பார்த்து ஃபோல்ட் பண்ணு (சீட்டைப் போட்டு விலகு). பூட்டு சொல்வது: மேசையை விட்டு எழாதே. 2013-இல் அந்தத் தளத்தைப் பிளேடெக் 38.3 மில்லியன் யூரோவுக்கு வாங்கிவிட்டது. ஐபோக்கர் என்ற போக்கர் ஆட்ட நெட்வொர்க் வைத்திருக்கிற கம்பெனியின் கையில் பள்ளிக்கூடம்!

ஃபோல்ட்_பாண்டி:
ரங்கன் ப்ரோ, அந்தப் பூட்டாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சின்ன தளத்தின் விமர்சனப் பக்கத்தில், ஒரு போக்கர் கம்பெனி பற்றி “பணம் எடுக்கப் பத்து நாள் இழுக்கிறார்கள்” என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கம்பெனியோடு, ஆள் சேர்த்துவிட்டால் பங்கு என்ற கமிஷன் ஒப்பந்தம் வந்ததும் அந்த ஒரு வரி மட்டும் காணோம். பக்கத்தின் தேதிகூட மாறவில்லை. கணக்கைப் பாருங்க: ஒரு ஆட்டக்காரர் மாதம் 400 டாலர் ரேக் கட்டுகிறார் என்று வைப்போம். போனஸ், பணப் பரிமாற்றச் செலவு என்று 100 கழிந்தால் மீதி 300. அதில் 30 சதவீதம், 90 டாலர், சேர்த்துவிட்ட தளத்துக்கு. அவர் ஆடுகிறவரை மாதாமாதம். அப்படி 50 பேர் என்றால் 4,500. எந்த அட்மின் அந்த வரியை விட்டுவைப்பார்?

காலிங்_ஸ்டேஷன்:
காசு வாங்கினாலே வாய் மூடிடும்னு ரெண்டு பேரும் முடிவே பண்ணிட்டீங்க. 2007-ல அப்சல்யூட் போக்கர் கம்பெனில எதிராளி சீட்டைப் பார்த்து ஆடின மோசடியைத் தோண்டினது யாரு? டூபிளஸ்டூ, பாக்கெட்ஃபைவ்ஸ்ங்கற போக்கர் ஃபோரம் ஆட்கள். ரெண்டுமே விளம்பரக் காசுல ஓடின தளம்தான். ஹேண்ட் ஹிஸ்டரி (ஆடின கைகளோட பதிவு) கேட்ட ஒருத்தருக்கு, டோர்னமென்ட்டோட மொத்த எக்செல் கோப்பையும் கம்பெனியே அனுப்பிடுச்சு. எல்லாரோட சீட்டும் அதுல இருக்கு, மேசையைப் பார்த்துட்டிருந்த கணக்குகளோட எண்ணும் இருக்கு. பாட்ரிப்பர்ங்கற பேர்ல ஆடினவன் முதல் ரெண்டு கையை ஃபோல்ட் பண்றான். எல்லார் சீட்டும் தெரியற 363-ங்கற கணக்கு வேடிக்கை பார்க்க வருது. அதுக்கப்புறம் 20 நிமிஷம் ஃப்ளாப்புக்கு (முதல் மூணு பொதுச் சீட்டு திறக்கறதுக்கு) முன்னாடி ஃபோல்டே இல்லை. அந்த 363 இருக்கே, அந்த வரிசைதான் இன்னும் மறக்கல.

மைக்ரோ_மணி:
பாண்டி கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு: கேசினோவும் சேர்ந்த ஒப்பந்தம். அங்கே தளத்தின் பங்கு ஆட்டக்காரர் தோற்ற பணத்திலிருந்தும் வரும். ஒருத்தர் கேசினோவில் 20,000 ஜெயித்தால் தளத்தின் கணக்கு மைனஸ். அந்த மைனஸ் அடுத்த மாதத்துக்கும் தொடரும் என்று விதி இருந்தால், மீதி 49 பேர் கட்டுகிற ரேக் அதை அடைக்கவே போய்விடும்.

தளம் நடத்துகிறவர்களுக்கு (யாரும் கேட்கவில்லை, தெரியும்): போக்கருக்குத் தனிக் கணக்கு கேளுங்க. மைனஸ் மாதக் கடைசியில் பூஜ்யமாகணும். “மாதம் இத்தனை புது ஆட்டக்காரர்” என்று குறைந்தபட்சம் வைத்தால் கையெழுத்துப் போடாதீங்க. ஆள் குறைகிற மாதத்தில் பழைய ஆட்டக்காரர்கள் மேல் வரும் பங்கையும் வெட்டுவார்கள். விகிதத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்ற வரி இருக்கா என்று கடைசிப் பக்கம்வரை தேடுங்க. ஒரே கம்பெனியை நம்பாதீங்க என்று சொல்லலாம், ஆனால் 2011 ஏப்ரல் 15 அன்று போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் மூன்றின் டொமைனையும் அமெரிக்க அரசின் நீதித் துறை ஒரே நாளில் முடக்கியது. மூன்றில் பிரித்துப் போட்டவரும் அன்றைக்குக் காலிதான்.

படிக்கிறவர்கள் “டாப் 10” லிங்க்கின் மேல் மவுஸ் சுட்டியை வைத்துப் பாருங்க. முகவரி வேறு இடத்தைக் காட்டினாலோ, பின்னால் நீளமாக ஒரு குறியீடு ஒட்டியிருந்தாலோ அது பெரும்பாலும் கமிஷன் லிங்க். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கத்தை எடுத்து வரிசையை ஒப்பிடுங்க. ஏழாவது இடத்தில் கிடந்தது, ஆட்டத்திலோ பணம் தருவதிலோ எந்த மாற்றமும் இல்லாமல் முதலிடத்துக்கு வந்திருந்தால் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரிவர்_ரங்கன்:
காலிங், 363-ஐக் கண்டுபிடித்தது உறுப்பினர்கள். ஃபோரம் முதலாளிகள் அந்தப் பதிவுகளை அழிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

காலிங்_ஸ்டேஷன்:
அழிக்காம விடறதுதான் அண்ணே பெரிய விஷயம்.

ஃபோல்ட்_பாண்டி:
அழிப்பது என்றதும் ஒரு கேள்வி. இந்தியாவில் 2025 சட்டப்படி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பழைய விமர்சனங்களில் கிடக்கிற கமிஷன் லிங்க் என்னாவது?

மைக்ரோ_மணி:
முதலில் லிங்க்கையும் போனஸ் குறியீட்டையும் எடுங்க, பதிவை விடுங்க. “இங்கே ஆடுங்கள்” என்று முடிகிற பத்திகளைத் தனியாகப் பட்டியலிட்டு வக்கீலிடம் காட்டுங்க.