சென்னையில் ஹியூமிடார் (சிகார் வைக்கும் பெட்டி) ஈரப்பதம் நிலையாக நிற்கவில்லை: பகலில் 78, இரவில் 61. என்ன செய்யலாம்?

திருவான்மியூர்_காற்று (கேள்வி)

வணக்கம். சிகாருக்கு நான் புதியவன். மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான். வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். ஐம்பது சிகார் கொள்ளும் மரப்பெட்டி வைத்திருக்கிறேன். மூடியில் கண்ணாடி, முன்பக்கம் ஈரப்பதம் காட்டும் முள் மீட்டர், மூடியின் உட்புறம் ஒட்டிய ஸ்பாஞ்ச். பெட்டியில் கால்வாசிதான் நிறைந்திருக்கிறது. படுக்கையறையில் இருக்கிறது, ஏசி இரவில் மட்டும் ஓடும்.

முள் பகலில் 78-க்குப் போகிறது, விடியற்காலையில் 61-க்கு இறங்குகிறது. இறங்கியதைப் பார்த்து ஸ்பாஞ்சில் டிஸ்டில்டு வாட்டர் விட்டால் மதியம் 80-ஐத் தாண்டிவிடுகிறது. பார்த்த வீடியோ எல்லாம் 70 சதவீதம் என்றுதான் சொல்கின்றன, அங்கே நிற்கவே மாட்டேன் என்கிறது. பற்றவைத்தால் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, நடுவில் அணைந்துவிடுகிறது. இரண்டு சிகார்களில் வெள்ளையாகப் புள்ளி வந்திருக்கிறது. மாமா கொடுத்த திருச்சி சுருட்டுக் கட்டு ஒன்றும் அதே பெட்டியில்தான் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

மாடித்தோட்டம்

முதலில் மீட்டர். முள் மீட்டர்கள் பத்து சதவீதம் வரை தப்பாகக் காட்டும். சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள், அதையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும் அளவு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப் பைக்குள் வைத்து மூடி ஒரு நாள் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நம் ஊர் வெயிலிலும் இந்த எண் பெரிதாக மாறாது. மீட்டர் 71 காட்டினால், இனி அது காட்டுவதோடு நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டொரண்டோ_குளிர்

பெட்டியின் மரத்தைப் பதப்படுத்தினீர்களா? நான் 84 சதவீத போவெடா பொட்டலம் (ஈரப்பதத்தை அதில் எழுதிய அளவில் நிறுத்தும் பொட்டலம்) போட்டு இரண்டு வாரம் மூடி வைத்தேன். அதற்கப்புறம் 69 பொட்டலம். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீட்டுக்குள் ஈரப்பதம் 30-க்கும் கீழே போகும். பதப்படுத்தாத மரம் சிகாரின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

அடையாறு_அண்ணாச்சி

டொரண்டோ நண்பர் சொல்வது அவர் ஊருக்கு முற்றிலும் சரி. ஆனால் தம்பி, நீங்கள் இருப்பது சென்னைக் கடற்கரையில். இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி வறண்ட வீட்டுக்குள் ஈரத்தைக் கூட்டுவது எப்படி என்பதுதான். நமக்கு வேலை நேர் எதிர்: வெளி ஈரம் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். உங்கள் பெட்டியின் மரம் ஏற்கெனவே கடற்காற்றில் ஊறித்தான் இருக்கிறது. அதற்கு 84 வேண்டாம், ஸ்பாஞ்சும் வேண்டாம். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

உங்கள் முள் பெட்டிக்குள் நடப்பதைக் காட்டுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம். பகலில் அறை ஈரமாக இருக்கும்போது ஏறுகிறது, ஏசி ஈரத்தை எடுத்ததும் இறங்குகிறது. அறையின் கணக்கை அப்படியே சொல்கிறது, அதாவது பெட்டி கசிகிறது. நல்ல பெட்டி என்றால் அறை ஏறி இறங்கினாலும் உள்ளே ஒன்றிரண்டு சதவீதம்தான் மாறும்.

இரண்டு சோதனை செய்யுங்கள். பத்து ரூபாய் நோட்டை மூடிக்கு இடையில் வைத்து மூடி இழுங்கள். நாலு பக்கமும் பிடிமானம் இருக்க வேண்டும். அப்புறம் இரவில் விளக்கை அணைத்து, எரிகிற டார்ச்சை உள்ளே வைத்து மூடி, விளிம்பையும் கண்ணாடி ஓரத்தையும் பாருங்கள். கண்ணாடி மூடிப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் கசியும்.

ஏசி இன்னொரு தொல்லையும் தரும். 32 டிகிரியில் 75 சதவீத ஈரம் உள்ள மதியக் காற்று பெட்டிக்குள் போகிறது என்று வையுங்கள். அதே காற்று இரவில் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் அவ்வளவு ஈரத்தைத் தாங்காது. மிச்சம் மரத்திலும் இலையிலும்தான் போய்ச் சேரும். அதனால் மதியம் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஏசி ஓடி அறை காய்ந்த பிறகு திறந்து, வேண்டியதை எடுத்து, உடனே மூடுங்கள்.

ஒரு பக்கமாக எரிவது, அணைவது எல்லாம் அதிக ஈரத்தின் அடையாளம். 70 என்பதைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம். நம் ஊரில் 65 போதும், கியூபா சிகார்களுக்கு 62 கூட நன்றாக இருக்கும்.

திருவான்மியூர்_காற்று

ரொம்ப நன்றி அண்ணாச்சி. டிஜிட்டல் மீட்டர் வாங்கி உப்புச் சோதனை செய்தேன், 74 காட்டியது. ரூபாய் நோட்டு பின்பக்கம் பிடிக்கிறது, முன்பக்கம் வழுக்கிக்கொண்டு வருகிறது. டார்ச் வெளிச்சம் கண்ணாடி ஓரத்தில் ஒரு கோடு முழுக்கத் தெரிகிறது. இப்போது இந்தப் பெட்டியைச் சரிசெய்வதா, வேறு வாங்குவதா? வெள்ளைப் புள்ளிக்கு என்ன செய்வது?

அடையாறு_அண்ணாச்சி

கண்ணாடி ஓரத்துக்கு மீன்தொட்டிக்குப் போடும் சிலிகான் தடவலாம். வாசனை முழுக்கப் போகும்வரை திறந்து வைத்த பிறகே சிகாரை வையுங்கள். முன்பக்க இடைவெளி மரவேலை, அதைத் தச்சரிடம்தான் காட்ட வேண்டும். அதுவரை, ஏன், அதற்குப் பிறகும்கூட, நான்கு பக்கமும் கிளிப் வைத்த ரப்பர் விளிம்பு பிளாஸ்டிக் டப்பாவே போதும். மளிகைக்கு வாங்குவோமே, அதேதான். வாசனை இல்லாததாகப் பாருங்கள். சிகார் பெட்டிகளோடு வரும் ஸ்பானிஷ் சீடர் மரத் தகட்டை அடியில் போடுங்கள். 65 சதவீத போவெடா 60 கிராம் பொட்டலம் ஒன்று 25 சிகாருக்குப் போதும். ஈரம் கூடினால் அது உறிஞ்சும், குறைந்தால் வெளியே விடும். அது இருக்கும்போது வேறு தண்ணீரோ ஸ்பாஞ்சோ சேர்க்காதீர்கள். பொட்டலம் உப்பித் தண்ணீராகத் தளும்பினால் டப்பாவும் கசிகிறது என்று அர்த்தம்.

புள்ளி விஷயத்தில், அது முதிர்ச்சியின் அடையாளம் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 80 சதவீதத்தில் கிடந்த சிகாரில் வெள்ளை வந்தால் அது பூஞ்சைதான். மேலே மட்டும் இருந்தால் அந்தச் சிகாரைத் தனியாக எடுத்துத் துடைத்து, தனிப் பையில் வைத்துக் கவனியுங்கள். பற்றவைக்கும் முனைக்குள் போயிருந்தால் தூக்கிப் போடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். மரத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து நன்றாக உலரவிடுங்கள்.

கொழும்பு_வாசி

ஒரு சந்தேகம். ஈரத்தைப் பிடித்துவிட்டோம், வெப்பத்தை என்ன செய்வது? எங்களுக்கும் இதே கடற்காற்றுதான், பகலில் ஏசி கிடையாது.

அடையாறு_அண்ணாச்சி

அதுதான் எனக்கும் பெரிய கவலை. 24, 25 டிகிரிக்கு மேல் போனால் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும் வாய்ப்பு கூடும். மேல் இலையில் குண்டூசி போட்ட மாதிரி ஓட்டை தெரிந்தால் அது வண்டு. அதனால் புதிதாக வாங்கும் எதையும் நான் உறைய வைக்காமல் உள்ளே விடுவதில்லை. இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒரு நாள் ஃபிரிட்ஜில், பிறகு மூன்று நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில். அவசரப்பட்டு நேரே வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். டப்பாவை வெயில் படாத உள் அறையில், அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். வசதி இருந்தால் 18 டிகிரியில் நிற்கும் ஒயின் ஃபிரிட்ஜ் நல்லது. நிறைய வாங்கிச் சேர்க்காமல் இருப்பதே நம் ஊருக்கு ஏற்றது.

மாமாவின் சுருட்டுக் கட்டு தனி டப்பாவில் இருக்கட்டும், தம்பி. அது உறைய வைக்கப்பட்டதா என்று நமக்குத் தெரியாது. வாசமும் முரடு, சிகாரில் ஏறிவிடும். அதையும் ஒரு முறை ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். அதற்கு 65 தேவையில்லை, கொஞ்சம் காய்ந்திருந்தால்தான் நன்றாக எரியும்.

திருவான்மியூர்_காற்று

டப்பா, 65 பொட்டலம், சீடர் தகடு எல்லாம் வாங்கிவிட்டேன். புள்ளி இருந்த இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போட்டாயிற்று, மற்றது தனிப் பையில். மீட்டர் இப்போது 69 காட்டுகிறது. 65 வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

அடையாறு_அண்ணாச்சி

ஆமாம். ஊறிய சிகார்கள் ஈரத்தை மெதுவாகத்தான் விடும், மூன்று நான்கு வாரம் ஆகலாம். மீட்டரைப் பொட்டலத்தின் பக்கத்தில் வைக்காமல் எதிர் மூலையில் வையுங்கள். வாரம் ஒரு முறை, இரவில், ஏசி அறையில் மட்டும் திறந்து பாருங்கள்.