ஒரு ரூட்டருக்கு ஒரு விபிஎன் தானா?

பாகாயம் மாடிவீடு:
வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுகிற விபிஎன் பற்றி, நேற்று வேறொரு திரியில் "ஆற்காடு ரோடு" சார் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "ஒரு ரூட்டரில் ஒரே நேரத்தில் ஒரு ஆபீஸ் விபிஎன் தான் ஓடும். இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே விழுவார். இது நெட்வொர்க் விதி." அதை எங்கள் வீட்டு ஓனர் படித்துவிட்டு, எங்களைத் தனி கனெக்‌ஷன் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். வாடகையோடு நெட்டுக்கும் மாதாமாதம் பணம் கொடுக்கிறோம். மாடியில் நானும் என் வீட்டுக்காரரும், கீழே ஓனர் மகன். மூன்று பேருக்கும் வேறு வேறு கம்பெனி. என் விபிஎன் பாதி வேலையில் அறுந்துபோவது உண்மை. ஆனால் மற்ற இரண்டு பேரும் லாகின் செய்யாத நேரத்திலும் அறுகிறது. அப்படியானால் அந்த விதி எங்கிருந்து வந்தது? எனக்குப் பதில் வேண்டும்.

ஆற்காடு ரோடு:
மேடம், பதில் இதோ. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். பிபிடிபி என்ற விபிஎன் வகை பேச்சை ஆரம்பிப்பது 1723-ஆம் போர்ட்டில் (போர்ட் என்றால் டேட்டா எந்த புரோகிராமுக்கு என்று காட்டுகிற கதவு எண்). டேட்டா போவது ஜிஆர்இ என்ற தனி புரோட்டோகாலில். அது புரோட்டோகால் எண் 47, அதற்குப் போர்ட் எண்ணே கிடையாது. ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் வகையில் டேட்டாவைச் சுமக்கும் ஈஎஸ்பி, எண் 50. அதற்கும் போர்ட் கிடையாது. வீட்டுக்கு வெளியே தெரிவது ஒரே ஐபி முகவரி. திரும்பி வருகிற பாக்கெட், கதவு எண் இல்லாத கடிதம் மாதிரி. மாடிக்கா, கீழ்வீட்டுக்கா? ரூட்டருக்குத் தெரியாது. அதனால் ஒரு ஆளுக்குத் தான் கொடுக்கும். நான் எழுதியது சரி.

கோட்டை அகழி:
சார், நீங்கள் சொல்வது பழைய கதை. இந்தச் சிக்கலுக்காகவே 2005 ஜனவரியில் ஆர்எஃப்சி (இணைய விதிமுறை ஆவணம்) 3947, 3948 இரண்டும் வந்தன. ஈஎஸ்பி பாக்கெட்டை போர்ட் எண் உள்ள யுடிபி என்ற புரோட்டோகாலில், 4500-ஆம் போர்ட்டில் சுற்றி அனுப்புவார்கள். ரூட்டர் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் வேறு வேறு போர்ட் எண் கொடுத்து வெளியே விடும், திரும்பி வரும்போது அதை வைத்தே பிரித்துக் கொடுக்கும். காட்பாடியில் எங்கள் வீட்டில் நானும் தங்கையும் ஒரே ரூட்டரில் தான் வேலை பார்க்கிறோம். இதுவரை யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. பிபிடிபி பற்றி இன்னும் பேசுகிறீர்களா? ஆப்பிள் 2016-இல் ஐஓஎஸ் 10 வந்தபோதே அதைத் தூக்கி எறிந்துவிட்டது.

ஆற்காடு ரோடு:
தம்பி, ஆர்எஃப்சி எண் எனக்கும் தெரியும். ரூட்டர் செட்டிங்கில் விபிஎன்னுக்கு வழிவிட "பாஸ்த்ரூ" என்று ஒரு டிக் இருக்கிறதே, அது எதற்கு? எந்தப் பிரச்சினையும் இல்லை என்றால் அதை ஏன் வைத்தார்கள்? ஜிஆர்இ-க்குப் போர்ட் எண் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கோட்டை அகழி:
பல வீடுகளில் அந்த டிக் தான் வில்லன். சில ரூட்டர்கள் அதை ஆன் செய்தால் ஐபிசெக் பேச்சை ஆரம்பிக்கிற 500-ஆம் போர்ட்டை மாற்றாமல் அப்படியே வெளியே விடும். அப்போது தான் இரண்டாவது லேப்டாப் மாட்டும். டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஆற்காடு ரோடு:
பார்த்தீர்களா! "இரண்டாவது லேப்டாப் மாட்டும்." இது அவரே எழுதியது. நானும் அதைத் தானே சொன்னேன்?

கோட்டை அகழி:
"சில ரூட்டர்கள்" என்று நான் எழுதியதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கிறீர்கள். இன்வெர்ட்டர் திரியிலும் இதே வேலை தான் செய்தீர்கள்.

தொரப்பாடி வாத்தியார்:
ஒரு நிமிடம். அந்த அம்மாவின் கம்பெனி எந்த வகை விபிஎன் தருகிறது என்று இதுவரை யாருமே கேட்கவில்லை. பாதுகாப்பான வெப்சைட் மாதிரியே 443-ஆம் போர்ட்டில் போகிற எஸ்எஸ்எல் வகை என்றால் ஜிஆர்இ, ஈஎஸ்பி எதுவும் இந்தப் பேச்சுக்குள்ளேயே வராது. மேடம், இன்னொன்று. கனெக்ட் ஆகியும் ஆபீஸ் சர்வர் மட்டும் திறக்காமல் போகிறதா? வீட்டு ரூட்டரும் ஆபீஸும் 192.168.1 என்று ஆரம்பிக்கிற ஐபி முகவரி வரிசையையே வைத்திருந்தால் அப்படி ஆகும். லேப்டாப் அந்த சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு வரிசையை 192.168.57 என்று மாற்றினால் தீர்ந்தது.

குடியாத்தம் தறி:
எதற்கு இவ்வளவு பேச்சு? விபிஎன்னையே அரசாங்கம் 2022-இல் தடை செய்துவிட்டதே. ஓனர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கோட்டை அகழி:
தடை எங்கே இருக்கிறது? 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் விற்கிற கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுக்கிற விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாது என்று அவர்களே விளக்கமும் கொடுத்தார்கள். படிக்காமல் பயமுறுத்தாதீர்கள்.

குடியாத்தம் தறி:
உங்களை மாதிரி நாங்கள் எல்லாம் படிக்காதவர்கள் தான். காட்பாடிக்காரர்களுக்கு மட்டும் தான் எல்லாம் தெரியும்.

ஆற்காடு ரோடு:
அதைச் சொல்லுங்கள். யார் எது எழுதினாலும் ஒரு தேதியைத் தூக்கிக்கொண்டு வருவது அவர் பழக்கம். நான் கேட்ட ஜிஆர்இ கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

கோட்டை அகழி:
ஆற்காட்டுக்காரர் வேலூர் வீட்டு ரூட்டருக்குத் தீர்ப்பு எழுதுகிறார். 2019-லேயே நீங்கள் ராணிப்பேட்டை மாவட்டம் ஆகிவிட்டீர்கள், சார்.

ஆற்காடு ரோடு:
மாவட்டத்தைப் பிரித்தால் நெட்வொர்க் விதி மாறிவிடுமா? அந்தக் காலத்தில் முழுப் பகுதிக்கும் வட ஆற்காடு என்று தான் பெயர். எங்கள் ஊர் பெயரில் தான் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். அதை மறக்க வேண்டாம்.

பாகாயம் மாடிவீடு:
தயவுசெய்து என் விஷயத்துக்கு வாருங்கள். வாத்தியார் ஐயா, கனெக்ட் ஆன பிறகு சர்வர் நன்றாகத் திறக்கிறது. பெரும்பாலும் சாயங்காலம் தான் அறுகிறது. அந்த நேரத்தில் கீழ்வீட்டில் எல்லாருடைய போனிலிருந்தும் போட்டோ, வீடியோ எல்லாம் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும். பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கிற சோதனை) போட்டுப் பார்த்தால் மில்லிசெகண்ட் எகிறுகிறது.

தொரப்பாடி வாத்தியார்:
அப்படியானால் அங்கே தான் பாருங்கள், அம்மா. அப்லோடு நிரம்பினால் ரூட்டருக்குள் பாக்கெட்டுகள் வரிசையில் காத்துக் கிடக்கும். "இருக்கிறாயா" என்று விபிஎன் கேட்கிற சின்ன பாக்கெட்டும் அதே வரிசையில் மாட்டும். பதில் வரவில்லை என்றால் சர்வர் கனெக்‌ஷனை அறுத்துவிடும். ரூட்டரில் யாருக்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுக்கிற க்யூஓஎஸ் வசதி இருந்தால் போன்களுக்கு அப்லோடு அளவைக் குறையுங்கள். அப்புறம் லேப்டாப்பை ஒரு நாள் கேபிளில் போட்டுப் பாருங்கள். கேபிளில் நிற்கிறது என்றால் வைஃபை தான் குற்றவாளி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாக எடுப்பது சேனல் 1, 6, 11 தான், பக்கத்து வீட்டுக்காரர்களும் அதிலேயே இருப்பார்கள்.

ஆற்காடு ரோடு:
ஐயா, நெட் மெதுவாவது வேறு, விபிஎன் அறுவது வேறு. மேடம் கேட்டது அறுவதைப் பற்றி. எல்டூடிபி என்ற இன்னொரு விபிஎன் வகையில் ஒரே வீட்டிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு பேர் போனால் சர்வரே குழம்பி ஒருவரைத் தள்ளிவிடும். இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். பிஎச்டி முடித்தவர் வந்து சொன்னாலும் என் கண்ணால் பார்த்ததை மாற்ற முடியாது.

கோட்டை அகழி:
ஒரே சர்வருக்கு! அவர்கள் மூன்று பேருக்கும் மூன்று கம்பெனி என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. அதைக் கூடப் படிக்காமல் தீர்ப்பு எழுதியதால் தான் ஒரு குடும்பத்துக்கு இப்போது கூடுதல் செலவு.

ஆற்காடு ரோடு:
செலவு செய்யச் சொன்னது அவர்கள் ஓனர், நான் இல்லை. தனி கனெக்‌ஷன் போட்டால் பிரச்சினை தீரும் என்பதும் உண்மை. போட்டுப் பாருங்கள் மேடம், தீரும்.

பாகாயம் மாடிவீடு:
போன்களை எல்லாம் ஆஃப் செய்த அன்றைக்கும் தீர்ந்தது, சார். அதற்குப் பணம் ஆகவில்லை. இதை ஓனரிடம் சொன்னால், "ஆற்காடு ரோடு எழுதியதைப் பார்த்தாயா" என்று மொபைலை நீட்டுகிறார். நீங்கள் அந்தப் பதிவைத் திருத்துங்கள். அதற்காகத் தான் இங்கே வந்தேன்.

ஆற்காடு ரோடு:
திருத்த எதுவும் இல்லை. ஜிஆர்இ-க்குப் போர்ட் எண் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் யாராவது சொல்லட்டும்.

கோட்டை அகழி:
இல்லை. யுடிபி 4500-க்குப் போர்ட் எண் உண்டா, இல்லையா? நீங்களும் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஆற்காடு ரோடு:
"இல்லை" என்று அகழி எழுதிவிட்டார். எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை அகழி:
என் கேள்விக்குப் பதில்?