ஹெலிகாப்டர் மிதப்பதில்லை: ‘நின்றுபறத்தல்’ என்னும் சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

ஹெலிகாப்டர் வானில் ஓரிடத்திலேயே நிற்பதைக் (hover) குறிக்கும் கலைச்சொல்லாக ‘மிதத்தல்’ என்னும் சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அது எளிய சொல்தான். ஆனால் காற்றின் திசையைப் பற்றி விளக்கத் தொடங்கியதும் அது பொருளைத் திரித்துவிடுகிறது.

மிதக்கும் பொருள் காற்றோடு போய்விடும். பலூன் அப்படித்தான் போகிறது. ஹெலிகாப்டரோ 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) எதிர்காற்றில் நிலத்தைப் பொறுத்தவரை அசையாமல் நின்றாலும், காற்றைப் பொறுத்தவரை 15 நாட் வேகத்தில் முன்னோக்கிப் பறந்துகொண்டிருக்கிறது. கலங்காத புதுக்காற்று, மேலே சுற்றும் சுழலிக்குத் (rotor) தொடர்ந்து கிடைப்பதால், காற்றே வீசாத வேளையைவிடக் குறைந்த ஆற்றலில் அதனால் அவ்வாறு நிற்க முடிகிறது. ஆகவே ‘நின்றுபறத்தல்’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். ‘அந்தரத்தில் நிற்றல்’ எனவும் சொல்லலாம் என்றாலும், அதில் பறத்தல் என்னும் பொருளே இல்லை.

சிங்கப்பூர் மாணவருக்கு இப்படி எழுதலாம்: “டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, விமானி மூக்கை வடகிழக்கே திருப்பி வைத்து நின்றுபறக்கிறார்.” காற்று பின்னாலிருந்து வந்தால், வாலில் மோதி, மூக்கைத் தான் வரும் திசைக்கே திருப்பப் பார்க்கும், விமானி கால்மிதிகளை இடைவிடாமல் இயக்கி அதைத் தடுக்க வேண்டியிருக்கும். இப்போக்கைக் ‘காற்றெதிர்த் திரும்பல்’ எனலாம்.

பக்கக்காற்றை விளக்கும்போது கூடுதல் கவனம் தேவை. மேலிருந்து பார்க்கையில் முதன்மைச் சுழலி இடஞ்சுழியாகச் சுற்றும் வகைகளில், அதனால் ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் திரும்பிவிடாமல் தடுக்க, வால் சுழலி காற்றை இடப்பக்கமாகத் தள்ளுகிறது. இடப்பக்கத்திலிருந்து வீசும் காற்று அதை எதிர்ப்பதால், வால் சுழலி தான் தள்ளிய காற்றையே மீண்டும் உள்ளிழுக்க நேர்ந்து, அதன் உந்துவிசை ஏறியிறங்குகிறது. விமானி கவனிக்கத் தவறினால் மூக்கு எதிர்பாராமல் வலப்பக்கம் திரும்பிவிடும். சுழலி வலஞ்சுழியாகச் சுற்றும் வகைகளில் இவையெல்லாம் பக்கம் மாறும்.

இருப்பினும், நின்றுபறத்தலின் வரையறைக்குள் வால் சுழலியைக் கொண்டுவரக் கூடாது. சிங்கப்பூர் தேசிய தினத்தன்று நம் கொடியைத் தாங்கிப் பறக்கும் சினூக் வகை ஹெலிகாப்டரில் வால் சுழலியே கிடையாது. எதிரெதிர்த் திசைகளில் சுற்றும் இரு பெரிய சுழலிகள் ஒன்றன் திருப்புவிசையை மற்றொன்று ஈடுசெய்கின்றன. எனவே “நிலத்தைப் பொறுத்து ஓரிடத்திலேயே நிற்கும்படி, காற்றைச் சமாளித்துப் பறத்தல்” என்ற அளவில் வரையறை நின்றால் போதும். பெயர்ச்சொல்லாக ‘நின்றுபறப்பு’ என்பதையும் சேர்க்கலாம். ‘பக்கக்காற்று’, ‘குறுக்குக்காற்று’ ஆகிய இரண்டில் முன்னதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. காற்று எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பதை ‘இடப்பக்கக் காற்று’, ‘வலப்பக்கக் காற்று’ என்று அதிலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.