டிஹுவானாவிலிருந்து ஒயின் பள்ளத்தாக்கு வரை கடலோரமாக காரில் போகலாமா?

மீராமெசாக்காரன்

சான் டியாகோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், சீ வேர்ல்டு, மிருகக்காட்சி சாலை, பல்போவா பார்க் எல்லாம் காட்டி முடித்தாயிற்று. எல்லை தாண்டி டிஹுவானா, அங்கிருந்து கடலை ஒட்டியே தெற்கே போய் வாயே தெ குவாதலூப்பே என்கிற திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு யோசனை. சனி காலை போய் ஞாயிறு இரவு திரும்பணும், சொந்தக் கார்.

எனக்கு எச்1பி வேலை விசா, பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங் (விசா முத்திரை) இருக்கிறது. மனைவிக்கு எச்4 (எச்1பிகாரரின் துணைக்கான விசா), பாஸ்போர்ட்டில் இருக்கிற விசா காலாவதியாகிவிட்டது, அமெரிக்காவில் தங்கும் அனுமதியைக் காட்டும் ஐ-94 பதிவு மட்டும் செல்லும். அப்பா அம்மாவுக்கு பத்து வருட விசிட்டர் விசா. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அப்பா வாழ்நாளில் ஒயின் குடித்ததில்லை, ஆனால் "போய்த்தான் பார்ப்போமே" என்கிறார். சாலை எப்படி இருக்கும், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்காற்று

சாலையைப் பற்றிக் கவலையே வேண்டாம், உங்கள் மனைவியின் விசாவைத்தான் முதலில் பார்க்கணும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம்மை மெக்சிகோ தனி விசா கேட்காமல் விடுவது, கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருப்பதால்தான். ஸ்டாம்பிங் காலாவதியானவர்கள் 30 நாளுக்குள் ஐ-94 காட்டித் திரும்பலாம் என்று ஒரு விதி இருக்கிறது, எல்லாரும் அதைச் சொல்லித்தான் தைரியம் கொடுப்பார்கள், ஆனால் அது அமெரிக்கா உங்களைத் திரும்ப உள்ளே விடுவதற்கான விதி, மெக்சிகோ விடுவதற்கு அல்ல. அதனால் மனைவிக்கு மெக்சிகோ விசா எடுத்த பிறகு கிளம்புங்கள். எல்லையில் கார்களைப் பல நேரம் நிறுத்தாமலே விட்டுவிடுவார்கள், நீங்களாக ஓரங்கட்டி குடியேற்ற அலுவலகத்தில் எஃப்எம்எம் என்கிற நுழைவு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அமெரிக்க கார் இன்சூரன்ஸை அங்கே மதிக்கமாட்டார்கள். மெக்சிகோ இன்சூரன்ஸ் ஆன்லைனிலேயே கிடைக்கிறது, அது இல்லாமல் ஒரு விபத்து நடந்தால் யார் மேல் தப்பு என்று முடிவாகும்வரை ஸ்டேஷனில் உட்காரவேண்டி வரலாம்.

இனி சாலை. டிஹுவானா என்செனாடா சுங்கச்சாலை, எண் 1டி, சுமார் 100 கிலோமீட்டர், வழியில் மூன்று சுங்கச்சாவடி, டாலரும் வாங்குவார்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இலவசச் சாலையும் உண்டு, ஆனால் அது லா மிசியோன் பக்கம் கடலை விட்டு உள்ளே திரும்பிவிடும், அப்புறம் எதற்கு இந்தப் பயணம்? ரொசாரிட்டோ தாண்டியதும் டைட்டானிக் படத்துக்காகக் கட்டின ஸ்டுடியோ வரும், சாலையிலிருந்தே தெரியும். என்னைக் கேட்டால் அதைவிட சால்சிபுவேதெஸ் பக்கத்து மலைச்சரிவுதான் பார்க்கவேண்டியது. கீழே செங்குத்தாக கடல், மேலே சாலை. 2013 டிசம்பரில் அந்த இடத்தில் சாலையே சரிந்து கடல் பக்கம் போய்விட்டது, சரிசெய்து திறக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. நிலம் இன்னும் நகர்கிற இடம்தான், ஆனாலும் தினமும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எல் மிராதோர் காட்சிமுனையில் நிறுத்தி அப்பா அம்மாவை இறக்கிவிடுங்கள், மற்ற இடத்தில் ஓரங்கட்டாதீர்கள். கடைசியாக சான் மிகேல் சாவடி. அது தாண்டியதுமே டெகாதே போகிற 3-ம் எண் சாலையில் திரும்பணும், விட்டால் என்செனாடா ஊருக்குள் போய்விடுவீர்கள்.

பருப்புசாதம்

அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை. வழியில் வரும் புவெர்ட்டோ நுவெவோவில் லாப்ஸ்டர்தான் பேர் போனது, கூட வரும் பீன்ஸை சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், பன்றிக்கொழுப்பில் தாளித்திருக்க வாய்ப்பு அதிகம். "சின் மந்தேகா" (கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். டிஹுவானாவில் பிறந்த சீசர் சாலட்டும் அப்படித்தான், இலை மட்டும்தானே என்று ஏமாறக்கூடாது, சாஸில் முட்டையும் பெரும்பாலும் நெத்திலியும் சேர்ந்துவிடும். நாங்கள் எப்போது போனாலும் ஒரு டப்பா புளியோதரை கூடவே வரும்.

தெற்கத்தி

தம்பி, ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் யார் ஓட்டுவது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் குடிக்கக்கூடாது, அங்கேயும் போலீஸ் ஊதச்சொல்லும். அதனால் தங்கினால்தான் நல்லது. பள்ளத்தாக்குக்குள் பாதி வழி மண்சாலை, ராத்திரியில் விளக்கும் கிடையாது, இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள்.

ஓட்டிக்கொண்டே எல்லா ஒயினரியையும் பார்க்க நினைக்காதீர்கள். எல்.ஏ. செத்தோ பெரியது, சுற்றிக் காட்டுவார்கள், பெரியவர்களுக்கு வசதி. வேனா காவாவில் பழைய படகுகளைக் கவிழ்த்துக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள், அப்பாவுக்குப் பிடிக்கும். ரெண்டு போதும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மழை குறைவு, கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாம், அதிலும் உப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது, சில ஒயினில் அந்த உப்பு நாக்கில் தெரியும். சிலருக்கு அதுதான் இந்த ஊர் ருசி, எனக்குப் பிடிக்கவில்லை. நெபியோலோ என்கிற திராட்சை வகை ஒயினைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அங்கே ஒயினைவிடப் பிடித்தது பள்ளத்தாக்கிலேயே ஃபிரான்சிஸ்கோ சார்க்கோ என்கிற ஊரில் இருக்கிற சின்ன ரஷ்ய மியூசியம். ஜார் காலத்தில் பட்டாளத்தில் சேரமாட்டோம் என்று ரஷ்யாவை விட்டுக் கிளம்பின மொலோக்கான் என்கிற கிறிஸ்தவக் கூட்டம் 1905 வாக்கில் இங்கே வந்து நிலம் வாங்கி கோதுமை போட்டது. திராட்சையும் பயிரிட்டார்கள். மெக்சிகோ பாலைவன ஓரத்தில் ரஷ்ய சமோவாரை (டீக்கு வெந்நீர் போடும் பாத்திரம்) பார்ப்பது எனக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்டில் அறுவடைத் திருவிழா நடக்கும், கூட்டமும் அறை வாடகையும் எகிறும். பெற்றோரோடு போகிறவர்கள் அப்போது தவிர்க்கலாம்.

மீராமெசாக்காரன்

மனைவி விசா விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. மெக்சிகோ விசா கிடைக்கட்டும், கிடைத்த பிறகுதான் தேதி. ஞாயிறு மாலை திரும்பும்போது சான் இசித்ரோ எல்லைச் சாவடியில் மணிக்கணக்கில் நிற்கணும் என்கிறார்களே, அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. வேறு வழி இருக்கா?

கடற்காற்று

டெகாதே எல்லைச் சாவடி. பள்ளத்தாக்கிலிருந்து அதே 3-ம் எண் சாலையில் வடக்கே ஏறிப் போனால் அங்கேதான் முடியும், சுமார் 75 கிலோமீட்டர், மலைவழி. வரிசை பெரும்பாலும் சின்னது, ஆனால் சான் இசித்ரோ மாதிரி 24 மணி நேரமும் திறந்திருக்காது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ரெடி லேன் என்று ஒன்று இருக்கிறது, அதில் போய் நிற்காதீர்கள், அதற்கு காரில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரிடமும் கிரீன் கார்டு மாதிரி சிப் வைத்த அட்டை வேண்டும், பாஸ்போர்ட்டில் ஒட்டின விசா போதாது. மனைவியின் ஐ-94 பிரதியைப் பையின் அடியில் போடாமல் கையில் வைத்திருங்கள். பாட்டில் ஆளுக்கு ஒரு லிட்டர் வரை வரியில்லை. கூடைக்காரம்மாவிடம் ஆசைப்பட்டு பழம் மட்டும் வாங்கிவிடாதீர்கள், நிறைய பழத்துக்கு அனுமதி கிடையாது, எல்லையில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.