ஜெனீவாவில் அரசைக் கேள்வி கேட்பது யார்?

தணல்:
இன்னொரு இழையில் கல்வெட்டு எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "யுபிஆர் மீளாய்வில் சிவில் சமூக அமைப்புகள் அரசாங்கத்தை நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேள்வி கேட்கின்றன" என்கிறார். அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள் வேறு.

முழுத் தவறு. ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2008 முதல் ஒவ்வொரு நாட்டையும் முறைவைத்து மீளாய்வு செய்கிறது. அதுதான் யுபிஆர், அதாவது உலகளாவிய காலமுறை மீளாய்வு. ஒரு நாட்டுக்கு மூன்றரை மணி நேரம். அதில் 70 நிமிடம் அந்த நாட்டு அரசுக்கு, 140 நிமிடம் மற்ற அரசுகளுக்கு. அரசு சாராத சிவில் சமூக அமைப்புகளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அறையில் உட்காரலாம், குறிப்பெடுக்கலாம். வாய் திறக்க முடியாது. பிள்ளையைக் காவலில் பறிகொடுத்த குடும்பங்கள் இதையெல்லாம் படிக்கின்றன. வீண் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

கல்வெட்டு:
வாருங்கள் தணல், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு நடைமுறை தெரியாது என்பதற்கு நீங்களே சாட்சி. அந்த 140 நிமிடத்தில் மற்ற நாட்டுத் தூதர்கள் கேட்கும் கேள்விகள் வானத்திலிருந்தா விழுகின்றன? மீளாய்வுக்கு அடிப்படை மூன்று ஆவணங்கள். அரசின் அறிக்கை ஒன்று, ஐ.நா. அமைப்புகளின் தகவல் தொகுப்பு இன்னொன்று, மூன்றாவது சிவில் சமூகம் அனுப்பியவற்றின் சுருக்கம். அதிலிருந்து எடுத்துத்தான் கேட்கிறார்கள். கேள்வி எங்களுடையது, வாய் மட்டும் இரவல்.

தணல்:
"வாய் மட்டும் இரவல்." சரி, அப்படியானால் நேருக்கு நேர் கேட்கவில்லை. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள்.

மின்மினி:
நிமிடக் கணக்கை விடுங்கள். 1977 ஏப்ரலில் புவனோஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தில், அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார்கள் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நகருங்கள் என்று போலீஸ் விரட்ட, சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு யார் நேரம் ஒதுக்கிக் கொடுத்தது? அதே ஆண்டு டிசம்பரில் முன்னணியில் நின்ற அசுசேனா வியாஃப்ளோரையே கடத்திக்கொண்டு போனார்கள். அப்படியும் ஓயவில்லை. 1979இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் அர்ஜென்டினாவுக்கு வந்தபோது குடும்பங்கள் வரிசையில் நின்று புகார் கொடுத்தன. 1985இல் ராணுவத் தளபதிகள் விசாரணைக் கூண்டில் நின்றார்கள். கணக்குக் கேட்பது என்றால் இதுதான்.

தணல்:
அந்தத் தாய்மார்களை நானும் வணங்குகிறேன். ஆனால் யுபிஆர் அறையில் யார் பேசலாம் என்பதற்கு அதில் பதில் இல்லையே. ஆம் அல்லது இல்லை.

நெடுவழிப்போக்கன்:
யாருக்கும் உறைக்காத ஒன்றைக் கேட்கிறேன். இந்த அமைப்புகளை யார் தேர்ந்தெடுத்தது? அரசாங்கம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களிடம் வந்து நிற்கிறது. இவர்கள் வெளிநாட்டு நன்கொடையாளரிடம் மட்டும்தான் போய் நிற்கிறார்கள். கணக்குக் கேட்பவன் முதலில் தன் கணக்கைக் காட்டட்டும்.

மின்மினி:
வந்துவிட்டது வெளிநாட்டுப் பணம். ரஷ்யாவும் இதைச் சொல்லித்தான் 2012இல் "வெளிநாட்டு முகவர்" சட்டம் போட்டது. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பரில் கலைக்க உத்தரவிட்டார்கள். ஹங்கேரி 2017இல் இதே போக்கில் ஒரு சட்டம் போட்டது. 2020இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. உங்கள் கேள்வி எங்கே கொண்டுபோய்விடும் என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா?

நெடுவழிப்போக்கன்:
ரஷ்யாவைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்க வேண்டாம். வரவு செலவைக் காட்டு என்றால் சர்வாதிகாரியா?

மின்மினி:
காட்டாதவர்களைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பொத்தாம்பொதுவாகச் சேற்றை வீசாதீர்கள்.

தணல்:
நன்கொடைக் கணக்குக்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டு இன்னும் பதில் சொல்லவில்லை.

கல்வெட்டு:
சொல்கிறேன். மீளாய்வின் முடிவைப் பேரவையின் முழு அமர்வு ஏற்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் 20 நிமிடம் சிவில் சமூகத்துக்கு. அரசின் பிரதிநிதி அங்கேயே உட்கார்ந்து கேட்கிறார். இது நேருக்கு நேர் இல்லையென்றால் வேறு எது? நான் இந்தப் பணியிலேயே முடி நரைத்தவன். எனக்கே பாடமா?

தணல்:
அந்த 20 நிமிடத்துக்குத்தான் காத்திருந்தேன்.

முதலில், அது மீளாய்வு அல்ல. மீளாய்வு நடந்து சில மாதங்கள் கழித்து வரும் சடங்கு. மற்ற நாடுகள் சொன்ன எந்தப் பரிந்துரையை ஏற்கிறோம், எதைக் "குறித்துக்கொள்கிறோம்" என்று அரசு அதற்குள் முடிவு செய்திருக்கும். "குறித்துக்கொள்கிறோம்" என்றால் கிடப்பில் போடுகிறோம் என்று அங்கே உட்காரும் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், அந்த 20 நிமிடமும் எல்லோருக்கும் இல்லை. ஐ.நா. பொருளாதார சமூக அவையின் ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்புகள்தான் பேசலாம். அந்தத் தகுதிக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது 19 அரசுகள் கொண்ட குழு. ஆம், அரசுகள். யாரைப் பற்றிப் புகார் சொல்லப்போகிறோமோ அவர்களே வாசலில் உட்கார்ந்து அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். கூடுதல் விளக்கம் வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008இல் விண்ணப்பித்தது. இந்தியா அந்தக் குழுவில் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில். சாதிக் கொடுமையைப் பற்றிப் பேச வந்தவர்களைப் பதினான்கு ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தினார்கள். இதைத் தெரிந்துகொண்டும் "நேருக்கு நேர்" என்று எழுத எப்படி மனம் வருகிறது?

நெடுவழிப்போக்கன்:
கடைசியில் இந்தியாவில் வந்து நின்றாயிற்று. வேறு நாடே கிடைக்கவில்லையா?

தணல்:
நடந்ததைச் சொன்னேன். சுடுகிறது என்றால் அதைச் செய்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.

அலைமகன்:
அரசே வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் பேசவில்லையே. 2013 ஜனவரியில் இஸ்ரேல் தன் மீளாய்வுக்கு வரவில்லை. அப்படி வராமல்போன முதல் நாடு அதுதான். அக்டோபரில்தான் வந்தது.

கல்வெட்டு:
வந்ததல்லவா? அழுத்தம் வேலை செய்தது.

தணல்:
யார் கொடுத்த அழுத்தம்? பெரும்பாலும் மற்ற அரசுகள். மறுபடியும் அரசுகள்.

கல்வெட்டு:
உங்களுக்கு யுபிஆர் தவிர வேறெதுவும் கண்ணில் படாதா? உடன்படிக்கைக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழுவுக்கு அமைப்புகள், அரசின் அறிக்கைக்கு மாற்றாகத் தாங்களே எழுதும் நிழல் அறிக்கையை அனுப்புகின்றன, உறுப்பினர்களைச் சந்தித்து விளக்குகின்றன. அரசு எழுதிய அறிக்கையில் எதை மறைத்தார்கள் என்பது அங்கேதான் வெளிவருகிறது.

தணல்:
நிழல் அறிக்கையின் மதிப்பு எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழுவிலும் அரசிடம் கேள்வி கேட்பவர்கள் 18 வல்லுநர்கள்தான். அறிக்கை எழுதியவர் அங்கேயும் பின்வரிசையில்தான் இருக்கிறார்.

கல்வெட்டு:
பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதுமானதைச் செய்யவில்லை என்று சுவிட்சர்லாந்து மூதாட்டிகள் போட்ட வழக்கு பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான் எல்லோர் மகிழ்ச்சியிலும் தண்ணீர் ஊற்றினீர்கள். மறக்கவில்லை.

தணல்:
நானும் மறக்கவில்லை. 2024 ஏப்ரல் 9 தீர்ப்பைப் பற்றி "பருவநிலை வழக்கில் தனிநபர்களும் வென்றார்கள்" என்று எழுதியவர் நீங்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நான்கு பெண்களின் தனி மனுக்களை ஏற்கவில்லை. அவர்களுடைய சங்கத்தின் மனுவைத்தான் ஏற்றது. அன்றும் திருத்தவில்லை, இன்றும் திருத்தவில்லை.

கல்வெட்டு:
சங்கம் வென்றதா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில். ஒரு சிவில் சமூக அமைப்பு ஓர் அரசை 17 நீதிபதிகள் முன் நிறுத்தி, உரிமையை மீறினாய் என்று தீர்ப்பு வாங்கியது. நேருக்கு நேர். உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

தணல்:
அது நீதிமன்றம். நீங்கள் எழுதியது யுபிஆர். எத்தனை முறை சொல்வது?

மின்மினி:
நீங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்பவர்கள் என்பதாவது தெரிகிறதா? 1976இல் மாஸ்கோ ஹெல்சின்கி குழுவைத் தொடங்கிய யூரி ஓர்லோவுக்கு ஏழாண்டு உழைப்பு முகாம் தண்டனையும், அதன்பின் நாட்டுக்குள்ளேயே தொலைவான இடத்தில் ஐந்தாண்டு கட்டாய வாசமும் கொடுத்தார்கள். மனித உரிமைகளை மதிப்போம் என்று ஹெல்சின்கி ஒப்பந்தத்தில் சோவியத் அரசு கையெழுத்துப் போட்டதை நிறைவேற்று என்று சொன்னதுதான் குற்றம். அவர்கள் எந்த அறையில், எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எழுதினார்கள், கைமாற்றினார்கள், உலகம் படித்தது.

தணல்:
அதையேதான் நானும் சொல்கிறேன் மின்மினி. எழுத்தில்தான் பலம். யுபிஆருக்கு ஓர் அமைப்பு தனியாக அனுப்பினால் 2,815 சொற்கள், கூட்டாக அனுப்பினால் 5,630 சொற்கள். அதற்குமேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெடு, மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். அதற்குள் சாட்சியம் திரட்ட வேண்டும், தூதரகப் படி ஏற வேண்டும், நம் கேள்வியைக் கேட்கச் சம்மதிக்கும் ஒரு நாட்டையாவது பிடிக்க வேண்டும். அறையில் எழுந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நம்பி வருகிறவர் இந்த வேலை எதையும் செய்யாமல் வந்து நிற்பார். யார் பொறுப்பு?

கல்வெட்டு:
தூதரகப் படி ஏறியவன் நான். நீங்கள் ஏறியதுண்டா?

தணல்:
என் படிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள்.

கல்வெட்டு:
ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

நெடுவழிப்போக்கன்:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது?

மின்மினி:
பதில் மேலே இருக்கிறது. படிக்க மனமில்லாதவருக்கு இனி நான் எழுதுவதாக இல்லை.

தணல்:
கல்வெட்டு, அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதன் கீழே 70, 140, பூஜ்யம் என்று மூன்று எண்களையும் பதிந்துவிட்டு வந்திருக்கிறேன். நீக்கினால் மறுபடி பதிவேன்.